ஏற்காட்டுக்கு எந்தப் பதிப்பு?

விடியற்காலையில் சேலத்திலிருந்து கிளம்பும் செய்தித்தாள் கட்டுகள் அடிவாரத்தைத் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காட்டுக்கு வந்து சேரும்போது டீக்கடைகளில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். 2024 மக்களவைத் தேர்தல் பிரச்சாரம் சூடு பிடித்திருந்த ஒரு காலையில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். உள்ளூர்ப் பக்கங்கள் இரண்டிலும் வேட்பாளர்கள்தான். ஒருவர் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் கைகூப்பி நடக்கிறார். இன்னொருவர் அம்மாப்பேட்டையில் தறிக்கூடத்துக்குள் நின்று நெசவாளர்களிடம் பேசுகிறார். பெரியவர் ஒன்று விடாமல் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதில் நமக்கு நிற்கிறவர் யார் தம்பி?" என்று கேட்டார்.

அந்தப் பக்கங்களில் இருந்த ஒருவருக்கும் அவரால் வாக்களிக்க முடியாது. ஏற்காடு இருப்பது சேலம் மாவட்டத்தில். மக்களவைத் தேர்தலில் அது கள்ளக்குறிச்சித் தொகுதி. ஆத்தூரும் கெங்கவல்லியும் அப்படியே. சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் மேற்கு, சேலம் வடக்கு, சேலம் தெற்கு ஆகிய ஆறு மட்டுமே சேலம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. மேட்டூர் தருமபுரியோடும் சங்ககிரி நாமக்கல்லோடும் சேர்ந்திருக்கின்றன. 2008 தொகுதி மறுசீரமைப்பு போட்ட கோடுகள் இவை. செய்தித்தாள் பதிப்புகளுக்கு வேறு கோடுகள் உண்டு. அச்சகத்திலிருந்து கிளம்பும் வேன் பொழுது விடிவதற்குள் எந்த ஊர் வரை போய்ச் சேரும் என்பதுதான் அந்தக் கோடுகளை முடிவு செய்கிறது. அதனால் ஏற்காட்டுக்கு வருவது சேலம் பதிப்பு. கள்ளக்குறிச்சி வேட்பாளர் யார், அவர் எங்கே என்ன பேசினார், அவர் மீது வழக்கு ஏதும் இருக்கிறதா, முந்தைய உறுப்பினர் ஐந்தாண்டுகளில் மலைக்கு எத்தனை முறை வந்தார் என்பதெல்லாம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு பதிப்பில் அச்சாகிறது. அந்தப் பதிப்பு மலை ஏறுவதில்லை.

நியாயமான தேர்தல் என்று பேச்செடுத்தால் பணப் பட்டுவாடா, கள்ள ஓட்டு, வாக்குப்பதிவு இயந்திரம் என்றுதான் பேச்சு போகும். ஊடகத்தைச் சேர்த்துப் பேசினால் பொய்ச் செய்தியும் ஒருதலைப்பட்சமும் வரும். அவையெல்லாம் உண்மையான கேடுகளே. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வாக்காளருக்கு வந்தே சேராத செய்தியைப் பற்றியது. அச்சில் வந்ததை எடுத்து வைத்து அளக்க, அதற்கு விலை போட, வேட்பாளர் கணக்கில் ஏற்ற, தேர்தல் ஆணையத்திடம் வழிமுறை இருக்கிறது. வராமல் போனதை அளக்க யாரிடமும் எந்த அளவுகோலும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் வேர் விட்டிருக்கின்றன என்பதால் முதலில் அச்சில் வருவதைப் பார்த்துவிடலாம்.

கொடி கட்டிய பத்திரிகைகள்

சேலம் வட்டாரத்துக்கு அரசியல் பத்திரிகை புதிதல்ல. ராசிபுரத்தில் பிறந்த பெ. வரதராஜுலு நாயுடு தன் "தமிழ்நாடு" இதழை 1920-களில் ஒரு போர்க்களமாகவே நடத்தினார். சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து அவர் எழுதியவை காங்கிரசையே உலுக்கின. 1932-ல் இந்தியன் எக்ஸ்பிரஸைத் தொடங்கியவரும் அவரே. அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 1929-ல் "விமோசனம்" என்ற இதழைக் கொண்டுவந்தார். மதுவிலக்குக்காக மட்டுமே ஓர் இதழ். 1937-ல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1 முதல் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது இதே சேலம் மாவட்டத்தில்தான். ஒரு பத்திரிகை தன் கொள்கையை வெளிப்படையாகச் சொல்லி, ஊரின் கருத்தைத் திரட்டி, அது ஆட்சியின் சட்டமாகவும் ஆனதற்கு இதைவிட நேரடியான உதாரணம் நம் வட்டாரத்தில் இல்லை.

1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியதும் சேலம் மாநாட்டில்தான். அந்த இயக்கமும் அதிலிருந்து கிளைத்தவையும் ஏடுகளால் வளர்ந்தவை. பிறகு தொலைக்காட்சி வந்தது. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர், 2018-ல் நியூஸ் ஜெ என்று தமிழகத்தில் கட்சிக்கொரு அலைவரிசை உண்டு அல்லது கட்சிக்கு நெருக்கமான அலைவரிசை உண்டு. இதைப் பார்த்து வெளிமாநிலத்தவர் முகம் சுளிப்பார்கள். நான் அவ்வளவு அஞ்சுவதில்லை. எந்தச் சேனல் எந்தக் கட்சிக்காகப் பேசும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதே அதற்குரிய கழிவைக் கழித்துக்கொண்டுதான் நம் ஆட்கள் பார்க்கிறார்கள். கொடி கட்டிய வண்டி வந்தால் யாருடைய வண்டி என்று தெரிந்துவிடுகிறது. கொடி இல்லாமல், பொதுவான செய்தி என்ற தோற்றத்தில் வருவதுதான் வாக்காளரை ஏமாற்றுகிறது.

ஒரே எழுத்துப்பிழை

சில தேர்தல்களுக்கு முன் சேலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். வேலை முடிந்த காலை நேரத்தில் எல்லாப் பத்திரிகைகளையும் வாங்கிப் பிழை தேடுவது பழகிப்போன பழக்கம். பிரச்சாரத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள் மூன்று நாளிதழ்களை வரிசையாக விரித்து வைத்திருந்தேன். ஒரு வேட்பாளரின் ஊர்வலச் செய்தி மூன்றிலும் வந்திருந்தது. "பெருந்திரளான மக்கள்" என்று வரவேண்டிய இடத்தில் "பெருந்திறளான" என்று இருந்தது. ஒன்றில் என்றால் விட்டிருப்பேன். மூன்றிலும் அதே வல்லின றகரம். படமும் ஒரே படம். ஆரத்தித் தட்டு ஏந்திய பெண்மணியின் முழங்கை சட்டத்தின் ஓரத்தில் மூன்றிலும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மூன்று நிருபர்கள் தனித்தனியாகப் போய்ப் பார்த்து எழுதிய செய்தி இப்படி அமையாது. ஒரே கை எழுதி, மூன்று அலுவலகங்களுக்குப் போய், வந்தபடியே அச்சேறியிருக்கிறது. "விளம்பரம்" என்ற சொல் எதிலும் இல்லை.

இதைத்தான் பணச்செய்தி என்கிறோம். பணமாகவோ பொருளாகவோ விலை பெற்றுக்கொண்டு ஊடகத்தில் வெளியிடப்படும் செய்தியும் அலசலும் பணச்செய்தி என்று இந்தியப் பிரஸ் கவுன்சில் வரையறுத்திருக்கிறது. 2009 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு நாடு முழுவதும் இந்தப் புகார் கிளம்பியபோது கவுன்சில் இருவர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. பரஞ்சய் குஹா தாகுர்தாவும் கே. சீனிவாச ரெட்டியும் ஊர் ஊராக விசாரித்து, பத்திரிகைகளின் பெயர்களோடு 71 பக்க அறிக்கையைக் கொடுத்தார்கள். 2010-ல் கவுன்சில் வெளியிட்டது அந்த அறிக்கையை அல்ல, பெயர்கள் நீக்கப்பட்ட சுருக்கத்தை. முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வர, தகவல் உரிமைச் சட்டப்படி மத்தியத் தகவல் ஆணையம் 2011-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. பத்திரிகைகள் எதை மறைக்கின்றன என்று விசாரித்த அறிக்கையையே மறைத்தார்கள். இந்த ஒரு நிகழ்வை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அது தணிய வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

பணச்செய்தியால் தேர்தலின் நியாயம் கெடுவது இரண்டு வழிகளில். ஒன்று, வாக்காளர் விளம்பரத்தைச் செய்தி என்று நம்புகிறார். இன்னொன்று கணக்கு. தமிழகம் போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேலும் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேலும் செலவழிக்கக் கூடாது. இது 2022 ஜனவரி முதல் உள்ள வரம்பு. விளம்பரம் என்றால் ரசீது உண்டு, ரசீது கணக்கில் ஏறும். செய்தி வேடத்தில் வந்தால் ரசீது இல்லை. கறுப்புப் பணம் கை மாறுகிறது, வேட்பாளரின் செலவுப் பதிவேடு சுத்தமாக இருக்கிறது. வரம்புக்குள் நின்று நேர்மையாகச் செலவழிக்கும் எதிர் வேட்பாளர், குறிப்பாகச் சுயேச்சை, பேப்பரில் பெயரே வராமல் தோற்றுப்போகிறார்.

இதைப் பிடிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இயங்குகிறது. தேர்தல் காலத்தில் சேலம் ஆட்சியர் அலுவலகத்திலும் அப்படி ஓர் அறை இருக்கும். வரிசையாகத் தொலைக்காட்சிப் பெட்டிகள், பதிவு செய்யும் கருவிகள், மேசை நிறைய நாளிதழ்கள், பல துறைகளிலிருந்து பணி மாற்றி அனுப்பப்பட்ட ஊழியர்கள். ஒரே மாதிரியான செய்தி வெவ்வேறு இதழ்களில் வருகிறதா, ஒரே பக்கத்தில் இரண்டு வேட்பாளர்களும் வெற்றி பெறுவார்கள் என்று தனித்தனிச் செய்திகள் வருகின்றனவா என்று பார்ப்பது அவர்கள் வேலை. சந்தேகம் வந்தால் செய்தி வெளியான 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேட்பாளர் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். பதில் ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் அந்தச் செய்தி பிடித்த இடத்தைச் சதுர சென்டிமீட்டரில் அளந்து, அரசு விளம்பரக் கட்டண விகிதத்தில் விலை போட்டு, வேட்பாளர் செலவில் சேர்ப்பார்கள். மாநிலக் குழுவுக்கும் பிறகு தேர்தல் ஆணையத்துக்கும் மேல்முறையீடு உண்டு.

பணச்செய்திச் செலவை மறைத்ததற்காகப் பதவி பறிபோன முதல் சட்டமன்ற உறுப்பினர் உத்தரப் பிரதேசத்தின் உம்லேஷ் யாதவ். 2007 தேர்தலில் இரண்டு இந்தி நாளிதழ்களில் வந்த பணச்செய்திக்கான 21,250 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. மத்தியப் பிரதேச அமைச்சராக இருந்த நரோத்தம் மிஸ்ராவின் வழக்கு இதற்கு நேர் எதிராக முடிந்தது. 2008 தேர்தலில் வந்த செய்திகளுக்காக அவரை 2017 ஜூனில் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது. 2018 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தேர்தல் நடந்து ஆணையம் முடிவெடுக்கவே ஒன்பது ஆண்டுகள் போயின. அதற்குள் அவர் இன்னொரு தேர்தலையும் வென்றிருந்தார்.

தண்டனை எவ்வளவு அரிதோ அவ்வளவு எளிதாகவே தொழில் நடக்கும். பணம் கை மாறியதற்குச் சாட்சி கிடைக்காது. கொடுத்தவரும் வாங்கியவரும் வாய் திறக்க மாட்டார்கள். பணச்செய்தியைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 255-வது அறிக்கையில் 2015-ல் பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையமும் பல முறை கேட்டிருக்கிறது. சட்டத் திருத்தம் வரவில்லை. பிரஸ் கவுன்சிலுக்கோ எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதிகாரம் உண்டு. அதுவும் அச்சு ஊடகத்துக்கு மட்டும்.

நிருபரின் சட்டைப்பை

"பெருந்திறளான" செய்தியை அனுப்பியவர்கள் மீது எனக்கு அன்றும் வெறுப்பு வரவில்லை. தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. மிச்சம் விளம்பரக் கமிஷன். செய்தி சேகரிப்பவரே பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தேர்தலுக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். இலக்கும் அவருக்கு உண்டு. ஒரு கையில் குறிப்பேடு, இன்னொரு கையில் விளம்பர ரசீதுப் புத்தகம். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும். பிரஸ் கவுன்சில் துணைக்குழுவும் இதைக் கண்டுகொண்டு, செய்தியாளர் வேலையையும் விளம்பர முகவர் வேலையையும் பிரிக்க வேண்டும் என்று சொன்னது.

வந்தே சேராத செய்தியின் வேரும் இங்கேதான் இருக்கிறது. பஞ்சாயத்து ஒப்பந்த வேலையில் நடந்த குளறுபடியை எழுதினால் ஒப்பந்ததாரரின் விளம்பரம் போகும். அவர் ஆளுங்கட்சிக்காரராகவோ எதிர்க்கட்சிக்காரராகவோ இருப்பார். இரண்டு பேரின் விளம்பரமும் வேண்டும். அதனால் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. மிரட்டலோ தணிக்கையோ யாரும் செய்ய வேண்டியதில்லை. மலைக்கிராமச் செய்திக்கோ இன்னும் ஒரு படி கீழான இடம்தான். விளம்பரம் கொடுக்க அங்கே ஆளில்லை. சேர்வராயன் மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு பைக்கில் போய் வந்தால் அந்த ஒரு செய்திக்குக் கிடைக்கும் தொகை பெட்ரோலுக்கே போதாது. அதனால் ஏற்காடு என்றால் பேப்பரில் மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி, மழைக்காலத்தில் பாறை சரிவு, எப்போதாவது சாலையில் நின்ற காட்டெருமை. வன உரிமைச் சட்டப் பட்டா, சாதிச் சான்றிதழுக்கு அலையும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், காட்டெருமை மேய்ந்து போன மிளகுக் கொடி, பிரசவத்துக்குக் கீழே இறங்க வேண்டிய கர்ப்பிணி என்பவை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தால்தான் செய்தி. மலையில் இருக்கும்வரை செய்தி இல்லை. பக்கத்து தருமபுரி மாவட்டத்தின் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் வாக்குப்பதிவு இயந்திரம் போகும் படம் ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் வருகிறது. நல்ல படம்தான். இயந்திரம் இறங்கிய மறுநாள் அந்த மலைக்குச் சாலை ஏன் இல்லை என்று கேட்டு எழுதப்படும் வரிகள் அந்தப் படத்தின் பரப்பில் பாதி கூட இல்லை.

ஒரே ஒரு முறை மொத்தத் தமிழ்நாட்டின் கேமராக்களும் மலை ஏறின. உறுப்பினர் பெருமாள் இறந்ததால் 2013 டிசம்பர் 4-ல் நடந்த ஏற்காடு சட்டமன்ற இடைத்தேர்தல் அது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்தத் தொகுதியில் அமைச்சர்கள் முகாமிட்டார்கள். வாழப்பாடியிலும் அயோத்தியாபட்டணத்திலும் நேரலை வண்டிகள் நின்றன. செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நோட்டா பொத்தானைத் தமிழ்நாட்டில் முதலில் அழுத்தியவர்கள் ஏற்காட்டு வாக்காளர்களே. நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அழுத்தினார்கள். ஏறத்தாழ 90 சதவீத வாக்குப்பதிவு. முதலமைச்சர் ஜெயலலிதா பிரச்சாரத்தில் அளித்த வாக்குறுதிகள் குறித்துத் தேர்தல் ஆணையம் அவருக்கு நோட்டீஸ் அனுப்பியது. எதிர்க்கட்சியின் புகாரை எடுத்து விசாரிக்க அந்தப் பேச்சின் பதிவு இருந்தது, கேட்டவர்கள் இருந்தார்கள், எழுதியவர்கள் இருந்தார்கள். ஆளுங்கட்சி 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றது. ஊடகம் வந்ததால் முடிவு மாறவில்லை. ஆனாலும் முதலமைச்சரே தன் மேடைப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஊடகத்தின் செல்வாக்கு எது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் வண்டிகள் இறங்கிவிட்டன.

படிக்கப்படாத விளம்பரம்

வாக்காளருக்கு மிகவும் தேவையான விளம்பரம் ஒன்று இருக்கிறது. அதை வெளியிடுபவருக்கு யாரும் படித்துவிடக் கூடாது என்பதே ஆசை. குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அந்த விவரத்தைப் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட வேண்டும் என்று 2018 செப்டம்பர் 25-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. எழுத்து 12 புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது என்று ஆணையம் விதித்தது. வழக்கு இல்லாத ஒருவரை விட்டு இவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியும் காரணம் சொல்லி வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் நோக்கம் உயர்ந்தது. நடைமுறையில் அது உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவே ஒரு கட்டமாக வருகிறது. குற்றத்தின் தன்மை சட்டப் பிரிவு எண்களாக இருக்கும். அந்த எண்ணுக்குப் பொருள் மோசடியா, கலவரமா, தடையை மீறிய ஆர்ப்பாட்டமா என்று சாதாரண வாசகருக்குத் தெரியாது. கோட்டை மைதானத்தில் அனுமதியில்லாமல் போராடியதற்கான வழக்கும் நில அபகரிப்பு வழக்கும் ஒரே கட்டத்தில் ஒரே எழுத்தில் இருக்கும். இங்கேதான் நிருபர் தேவைப்படுகிறார். அந்த விளம்பரத்தைப் படித்து, எண்களுக்குப் பொருள் சொல்லி, எந்த வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு செய்தி எழுதினால் போதும். வேட்புமனுவோடு தாக்கல் செய்யப்படும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே இருக்கிறது. யாரையும் பகைக்காமல் எழுதலாம், ஏனென்றால் அது வேட்பாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இருந்தும் நம் பேப்பர்கள் அதிலிருந்து எடுத்துப் போடுவது பெரும்பாலும் சொத்து மதிப்பை மட்டும். யாரிடம் எத்தனை பவுன் நகை என்பது சுவையாக இருக்கும் என்பதால்.

அமைதியான 48 மணி நேரம்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் திரை, தொலைக்காட்சி போன்றவற்றில் தேர்தல் விஷயங்களைக் காட்டத் தடை விதிக்கிறது. 2017 டிசம்பர் 21-ல் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். அதற்கு முந்தைய நாள் காலை, மருத்துவமனையில் ஜெயலலிதா பழச்சாறு அருந்தும் வீடியோ வெளியிடப்பட்டது. சேனல்கள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. 126-வது பிரிவைச் சுட்டி நிறுத்தச் சொல்லிக் கடிதம் போவதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள், கைப்பேசிகளுக்கும் போய்விட்டது. அந்தப் பிரிவில் அச்சு ஊடகம் இல்லை. அதனால் வாக்குப்பதிவு நாளும் அதற்கு முந்தைய நாளும் நாளிதழில் அரசியல் விளம்பரம் வர வேண்டுமென்றால் கண்காணிப்புக் குழுவின் முன்சான்று வேண்டும் என்று ஆணையம் தனியே உத்தரவு போட்டு ஓட்டையை அடைத்திருக்கிறது.

அடைத்த பக்கம் போக மற்ற பக்கங்கள் திறந்திருக்கின்றன. 2021-ல் அசாமில் முதல் கட்ட வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், மேல் அசாமின் எல்லா இடங்களையும் பா.ஜ.க. வெல்லும் என்று தலைப்புச் செய்தி போன்ற வடிவில் பல நாளிதழ்களின் முதல் பக்கத்தில் விளம்பரம் வந்தது. வழக்குப் பதிவானது. அடுத்த கட்டங்களில் வாக்களிக்க இருந்தவர்கள் ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்கள். "ஓட்டை வீணாக்காதே, ஜெயிக்கிறவருக்குப் போடு" என்று நம் ஊரிலும் சொல்வார்கள். கருத்துக் கணிப்புகள் வேலை செய்வது அந்த எண்ணத்தில்தான். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளைக் கடைசிக் கட்டம் முடியும்வரை 126ஏ பிரிவு தடுக்கிறது. முந்தைய கருத்துக் கணிப்புகளுக்கு அச்சில் அப்படித் தடை இல்லை. யார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள், தொகுதிக்கு எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று சொல்லாமல் வரும் கணிப்பை நான் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இதில் ஊடகத்தின் பலத்தை ஊதிப் பெருக்கவும் கூடாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் கணிப்புகள் பெரும்பாலும் தி.மு.க. கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்றன. மாநிலத்தில் அப்படியே நடந்தது, 159 இடங்கள். சேலம் மாவட்டம் அந்தக் காற்றுக்கு அசையவில்லை. 11 தொகுதிகளில் 10 அ.தி.மு.க. கூட்டணிக்குப் போயின, சேலம் வடக்கு ஒன்றுதான் தி.மு.க.வுக்கு. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடிக்காரர், சாதிக் கணக்கு, கூட்டணியில் பா.ம.க. என்று காரணங்கள் பல. மூன்றே ஆண்டுகளில், 2024-ல், இதே ஊர் மக்களவைக்குத் தி.மு.க. வேட்பாளரை அனுப்பியது. தலைப்புச் செய்தி சொன்னபடி கை நீட்டுகிற வாக்காளர்கள் அல்ல இவர்கள். சொல்லப்பட்டதை எடைபோடத் தெரிந்தவர்களுக்கும் சொல்லப்படாததை எடைபோட வழியில்லை.

வேகத்தாலும் ஒரு கேடு உண்டு. 2024 ஏப்ரல் 19 மாலை தமிழகத்தில் 72.09 சதவீத வாக்குப்பதிவு என்று தலைமைத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். நள்ளிரவு வாக்கில் அது 69.46 ஆனது. முடிவான எண் 69.72. எல்லாச் சாவடிகளிலிருந்தும் விவரம் வந்து சேராத நேரத்து மதிப்பீட்டுக்கும் பிறகு வந்த கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. ஆனால் இரண்டரை சதவீதம் எங்கே போனது என்ற சந்தேகம் கைப்பேசிகளில் பல நாள் சுற்றியது. தொலைவான ஊர்களுக்குப் போகும் பிரதிகள்தான் முதலில் அச்சாகும் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். திருத்தம் வரும் நேரத்தில் மலைக்கான கட்டு வண்டியில் ஏறிவிடும்.

கைப்பேசி இந்த இடைவெளியை நிரப்பவில்லையா என்று கேட்கலாம். நிரப்புகிறது, கிடைத்ததைக் கொண்டு. 2024 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி அவர் கட்சியே வெளியிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு கருணாநிதியின் உருவம் அப்படியே திரையில் பேசியது. அவை இன்னதென்று சொல்லி வந்தவை. சொல்லாமல் வருபவற்றை, தெரியவந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று அந்த மே மாதம் கட்சிகளுக்கு ஆணையம் அறிவுறுத்தியது. ஊர்க் குழுவில் வரும் குரல் பதிவு பொய் என்று தெரிந்துகொள்ள ஏற்காட்டுக்காரர் எங்கே போவார்? உண்மையான செய்தி அதே தொகுதியைப் பற்றி அதே காலையில் கையில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

அதனால் சேலத்தில் பத்திரிகை நடத்துபவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மக்களவைத் தேர்தல் பிரச்சாரம் மூன்று வாரம் நடக்கும். ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு ஆகிய மூன்று தொகுதிகளுக்கும் போகும் கட்டுகள் எப்படியும் தனியாகத்தான் பிரிக்கப்படுகின்றன. அந்தப் பிரதிகளில் ஒரே ஒரு பக்கத்தை மாற்றுங்கள். சேலம் வேட்பாளர் தறிக்கூடத்தில் நிற்கும் படத்தை எடுத்துவிட்டு, கள்ளக்குறிச்சிப் பதிப்பில் உங்கள் நிருபரே எழுதிய செய்தியை அந்த இடத்தில் வையுங்கள். மேட்டூருக்குத் தருமபுரிப் பக்கம், சங்ககிரிக்கு நாமக்கல் பக்கம். செய்தி உங்கள் கணினியில் முந்தின இரவே இருக்கிறது. ஆகும் செலவு ஓர் அச்சுத் தகடும், அதை மாற்ற இயந்திரம் நிற்கும் சில நிமிடங்களும். அந்தப் பக்கத்தில் படிவம் 26-லிருந்து வழக்கு விவரத்தைப் பிரிவு எண் இல்லாமல் தமிழில் எழுதுங்கள். டீக்கடை பெஞ்சில் அந்தப் பெரியவர் கேட்ட பெயர் அதில் இருக்கும்.